ஒளி எங்கள் மலையில், பாஸ் கொழும்பில்

போன வருடம் மாரியில் எங்கள் கடைக் கூரையிலிருந்த சோலாரின் இன்வேர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பூட்டித்தந்த கொழும்புக் கம்பனிக்கு அழைத்தேன். "ஹட்டன் பக்கம் வேறு இரண்டு வேலை சேர்ந்தால் ஆள் அனுப்புகிறோம்" என்றார்கள். ஆறாம் நாள் வேன் வந்தது. வந்த பையன் பார்த்த வேலை இருபது நிமிடம். வேன் கூலி மட்டும் பில்லில் முதல் வரியாக இருந்தது.

அந்த நேரம் என் கடையில் வயர் அளந்து கொடுத்துக்கொண்டிருந்த தோட்டத்துத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "முதலாளி, இது டீசி பக்கத்து பிரேக்கர்தானே, இதை நமக்குப் படிக்க ஏலாதா?" என்று கேட்டான். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்தவன். அந்தக் கேள்விதான் இந்த வாரப் பத்தியை எழுத வைத்தது.

வியாபாரிகளே, இந்த நாட்டின் நீர் மின்சாரத்துக்கு எங்கள் மலைதான் தாய்வீடு. நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் பிளாக்பூலில் பொறியியலாளர் விமலசுரேந்திர அமைத்த சிறு நீர்மின் நிலையம் 1912இல் நுவரெலியா நகருக்கு ஒளி கொடுத்தது. 1950இல் லக்ஷபான வந்தது. நோர்ட்டன் பிரிட்ஜில் அவர் பெயரையே தாங்கிய நிலையம் 1965இல் வந்தது. 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை. காசல்ரீ, மவுஸாக்கலை நீர்த்தேக்கங்களைச் சுற்றிலும் கொழுந்து பறிக்கும் குடும்பங்கள்தான். ஆனால் அந்த நிலையங்களிலிருந்து கம்பி இறங்கிப் போன பிறகும், பல லயங்களில் வெகுகாலம் குப்பி விளக்குதான் எரிந்தது.

இன்னொன்றையும் நம்மில் பலர் மறந்துவிட்டோம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் நூற்றுக்கணக்கான தேயிலைத் தொழிற்சாலைகள் பக்கத்து ஓடையில் டர்பைன் வைத்துத் தாங்களே மின்சாரம் எடுத்தன. பொதுக் கம்பி வந்ததும் பெரும்பாலானவை துருப்பிடிக்க விடப்பட்டன. பிறகு 1997இல் உலக வங்கிப் பணத்தோடு கிராமிய நீர்மின், வீட்டு சோலார் திட்டங்கள் தொடங்கின. வங்கிகள் கடன் கொடுத்தன, பல கிராமங்களில் விளக்கு எரிந்தது. அங்கேயும் பொதுக் கம்பி எட்டிய இடங்களில் பல கைவிடப்பட்டன. சாமான் வாங்கப் பணம் எப்போதும் எங்கிருந்தாவது வரும். சாமானைத் தெரிந்த கையை வளர்க்க வரும் பணந்தான் குறைவு.

இப்போது மறுபடி ஒரு சுற்று. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் வந்ததும் கூரைச் சோலார் நடுத்தர வீடுகளுக்கும் இறங்கியது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கரண்ட் கட்டணம் ஏறிய ஏற்றத்தில் கடைக்காரர்களும் கூரையைப் பார்க்கத் தொடங்கினோம். இந்திய அரசின் நன்கொடையில் 5,000 வணக்கஸ்தலங்களுக்கு, நமது பள்ளிவாசல்களும் சேர்த்து, சோலார் பூட்டும் திட்டம் 2025இல் திறந்துவைக்கப்பட்டது. இவ்வளவையும் இருபது வருடம் பராமரிக்கப் போவது யார்?

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென்று எழுந்த கல்லூரிகள் நூறு அளவில் இருக்கின்றன. மற்ற வாசல்கள் அடைத்திருந்த காலத்தில் தோன்றியவை. 1881இல் தொடங்கிய டஸ்கீகியில் மாணவர்களே செங்கல் சுட்டு வகுப்பறை கட்டினார்கள். சமீப வருடங்களில் அந்த நாட்டு எரிசக்தித் திணைக்களம் இப்படியான கல்லூரிகளுக்குத் தூய எரிசக்தித் தொழில் பயிற்சிக்கென்று பணம் ஒதுக்கியது. பின்தள்ளப்பட்ட மக்களின் பிள்ளைகள் புதிய தொழிலில் முதல் வரிசையில் நிற்கட்டும் என்பதுதான் கணக்கு. ஆனால் அரசாங்கம் மாறினால் கணக்கும் மாறும். ஏழை வீட்டுக் கூரைகளுக்கு ஒதுக்கிய 700 கோடி டொலர் திட்டத்தை 2025இல் வந்த நிர்வாகம் இரத்துச் செய்தது. ஒரே கையை நம்பியிருப்பதன் ஆபத்து அது.

நம் பக்கத்திலும் வாசல் முழுக்க அடைபட்டில்லை. தோட்டப் பிள்ளைகளுக்கு இந்திய உதவியோடு புலமைப்பரிசில் கொடுக்கும் நிதியம் 1947 முதல் இருக்கிறது. கொட்டகலையில் ஜெர்மன் உதவியில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களைத் தந்தது. ஹட்டனில் தொண்டமான் பெயரிலான தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழும் இருக்கிறது. மின்னிணைப்பாளராக அதை எடுத்தவனுக்கு சோலார் அடுத்த படிதான்.

தடை வேறு இடத்தில். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கே 2021 வரை போராட வேண்டியிருந்த வீடுகள் இவை. ஆறு மாதம் படிக்கப் போகும் பையன், கொழும்புப் புடவைக்கடையிலிருந்து மாதம் அனுப்பும் காசை நிறுத்துகிறான். பஸ் கூலி, போர்டிங், மல்டிமீட்டர், கிரிம்பிங் டூல், பாதுகாப்புக் கயிறு எல்லாம் வேறு. பல வகுப்புகள் சிங்களத்தில் நடப்பது அடுத்த கல். பெண் பிள்ளைகளைக் கூரை ஏற விடமாட்டார்கள் என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம், வடிவமைப்பும் கணக்கும் தரையிலிருந்து செய்யும் வேலை என்பதை மறந்து.

இதைப் பக்கத்துக் கடை நண்பரிடம் சொன்னபோது சிரித்தார். "நீ காசு போட்டுப் படிப்பி, அவன் கட்டாருக்கு பிளைட் ஏறுவான்." போகலாம். நம் பிள்ளைகளும்தான் போகிறார்கள். ஆனால் ஊரில் பத்துப் பேர் படித்தால் பத்துப் பேரும் போவதில்லை. இன்னொருவர், படித்து முடித்ததும் மூன்று வருடம் கடையில் நிற்க எழுதி வாங்கச் சொன்னார். எனக்கு அது உடன்பாடில்லை. கையெழுத்து வாங்கி ஆளைக் கட்டிப்போட்ட சரித்திரம் இந்த மலைக்குப் போதுமானளவு இருக்கிறது.

லாபமாகவே பாருங்கள். பயிற்சி பெற்ற ஒருவன் ஊரிலிருந்தால் வாடிக்கையாளர் பயமின்றி பேனல் எடுப்பார். கேபிள், பிரேக்கர், கிளாம்ப் எல்லாம் நம் கடையில்தான் போகும். லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தமென்பதால் அந்த வீட்டுக்காரன் தன் தலைக்கு மேல் சோலார் பூட்ட முடியாமலிருக்கலாம். ஊர்க் கூரைகளில் பூட்டிச் சம்பாதிக்க அந்தத் தடை இல்லை. பழைய தொழிற்சாலை டர்பைன்களை மறுபடி சுழலவைக்க நினைக்கும் தோட்டங்களுக்கும் அதே கைதான் வேண்டும்.

ஹட்டன், நுவரெலியா வர்த்தக சங்கங்களில் ஐந்து கடைக்காரர் சேர்ந்து ஒரு பிள்ளையின் போர்டிங்கையும் கருவிப் பெட்டியையும் ஏற்றால் நம் கல்லாப்பெட்டிக்குத் தெரியவே தெரியாது. பணத்தைப் பையன் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், மாதாமாதம் பயிற்சி நிலையத்தின் வரவுப் பதிவைப் பார்த்துக் கொடுக்கலாம்.

நம் கடைத் தம்பிக்குச் சொல்லிவிட்டேன். வரும் மாதத்திலிருந்து அரைநாள் கடை, அரைநாள் வகுப்பு, முழுச் சம்பளம். அவனுடைய அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து ஒன்றுதான் கேட்டார்: "கூரையிலிருந்து விழமாட்டானே, முதலாளி?" பாதுகாப்புக் கயிற்றை எடுத்துக் காட்டினேன். இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.