சிங்கப்பூர் வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளியின் கடமைகள்

நமது சங்கங்களின் நகைக்கடன் பதிவேட்டைப் பார்ப்பவர்க்கு, கடனின் நோக்கம் என்னும் கலத்தில் உரம், நூல், மணச் செலவு என்பவற்றோடு "மகன் சிங்கப்பூர் செல்ல" என்ற குறிப்பும் அடிக்கடி தென்படும். தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை, சிவகங்கை ஆகிய மாவட்டங்களில் இது நெடுநாள் வழக்கம். மழை பொய்த்த ஆண்டிலும், தறிக்குப் பாவு கிடைக்காத மாதங்களிலும் குடும்பத்தைத் தாங்குவது கடல் கடந்து வரும் பணமே என்று கூறும் வீடுகள் பல. ஆகவே இவ்வகைக் கடனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அக்கடனில் எப்பகுதி நாம் கொடுக்க வேண்டியது, எப்பகுதி வேலை கொடுக்கும் முதலாளி ஏற்க வேண்டியது என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே நோக்கம்.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் மகனின் பயணத்திற்காக ஏஜெண்டு எழுதிக் கொடுத்த செலவுப் பட்டியலை என்னிடம் காட்டினார். பாண்டு, லெவி, மருத்துவ இன்சூரன்ஸ், கமிஷன், பயிற்சி என ஐந்து இனங்கள் அதில் இருந்தன. முதல் மூன்றும் சிங்கப்பூர்ச் சட்டப்படி முதலாளியைத் தவிர வேறொருவர் மீதும் சுமத்தக் கூடாதவை. அதை நான் சொன்னபோது பணம் முழுவதும் கைமாறியிருந்தது. நகைகள் பெட்டகத்தில் இருந்தன. "இதை முன்னமே சொல்வார் எவருமில்லையே" என்று அவர் வருந்தினார். அவருக்குக் காலத்தில் கிட்டாத செய்தி மற்றவர்க்காவது கிட்ட வேண்டும் என்பதற்காக இதை எழுதலானேன்.

அனுமதி எவ்வாறு கிடைக்கிறது?

சிங்கப்பூரில் கட்டட வேலை, கப்பல் பட்டறை, தொழிற்சாலை முதலியவற்றில் உடலுழைப்புச் செய்யும் அயல்நாட்டார்க்கு வழங்கப்படுவது வேலை அனுமதிச் சீட்டு. "ஒர்க் பெர்மிட்" என்று நம்மவர் கூறுவது இதுவே. இதன் காலம் பொதுவாக இரண்டாண்டுக்கு மேற்படாது. முதலாளி விரும்பினால் புதுப்பிக்கலாம். இதற்கு விண்ணப்பம் செய்வது தொழிலாளி அல்லர். முதலாளியோ, அவர் சார்பில் உரிமம் பெற்ற ஏஜென்ஸியோ அந்நாட்டு மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்தல் குற்றமாகும். எந்த முதலாளியின் பெயரில், எந்தத் தொழிலுக்கு அனுமதி தரப்பட்டதோ அவரிடம் அத்தொழிலையே செய்தல் வேண்டும்.

1990 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2007 ஆம் ஆண்டில் பெரிதும் திருத்தப்பட்ட ஒரு சட்டம் இதற்கு ஆதாரம். அயல்நாட்டுத் தொழிலாளியை வரவழைக்கும் முதலாளி, அவர் வந்து இறங்குவதற்கு முன்பிருந்து ஊர் திரும்பும்வரை ஏற்க வேண்டிய பொறுப்புகளை அச்சட்டமும் அதன் விதிகளும் வரையறுத்துள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பிணைத்தொகை

மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 5,000 சிங்கப்பூர் டாலருக்குப் பிணை தர வேண்டும். இதையே நம் ஊர் ஏஜெண்டுகள் "பாண்டு" என்கின்றனர். தொழிலாளி வந்து சேருமுன்பே இப்பிணை எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலாளி இதனை ரொக்கமாகக் கட்டுவது அரிது. வங்கியோ இன்சூரன்ஸ் கம்பெனியோ தரும் ஜாமீன் பத்திரம் போதுமானது. எனவே அவருக்கு ஆகும் உண்மைச் செலவு அப்பத்திரத்திற்குரிய சிறு கட்டணமே.

இப்பிணை தொழிலாளியின் நன்னடத்தைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. முதலாளி காலத்தில் சம்பளம் தராவிடினும், வேலை முடிந்தபின் தொழிலாளியை ஊருக்கு அனுப்பாவிடினும் அமைச்சு இத்தொகையைப் பறிமுதல் செய்யலாம். முதலாளியைக் கட்டுப்படுத்த ஏற்பட்ட பிணைக்குத் தொழிலாளியிடமே பணம் வாங்குவது முறையன்று. விதியும் அதனைத் தடுக்கிறது.

மாதத் தீர்வை

அயல்நாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதந்தோறும் அரசுக்குச் செலுத்தும் தீர்வையே "லெவி" எனப்படுவது. உள்நாட்டாரை விட்டு, குறைந்த கூலிக்கு வெளியாரையே நாடாதிருக்கும் பொருட்டு இத்தீர்வை விதிக்கப்படுகிறது. கட்டடத் துறையில் 2024 ஆம் ஆண்டு ஜனவரி முதல், இந்தியாவிலிருந்து செல்லும் உயர்திறன் தொழிலாளிக்கு மாதம் 500 டாலர், அடிப்படைத் திறன் தொழிலாளிக்கு மாதம் 900 டாலர் என்று விகிதம் அமைந்தது. இரண்டாண்டுக்கு 900 டாலர் வீதம் கணக்கிட்டால் 21,600 டாலர் ஆகிறது. இவ்வளவு பெருந்தொகையில் ஒரு பகுதியையாவது தொழிலாளி மீது தள்ளிவிடச் சில முதலாளிகள் முனைவதன் காரணம் இதிலிருந்து விளங்கும். ஆனால் தீர்வையைத் தொழிலாளியிடமிருந்து வசூலித்தலோ, சம்பளத்தில் பிடித்தலோ சட்ட விரோதமாகும்.

இதைப் போன்றே, வேலை கொடுப்பதற்காகவோ, வேலையில் தொடர்ந்து வைத்திருப்பதற்காகவோ, அனுமதியைப் புதுப்பிப்பதற்காகவோ முதலாளி தொழிலாளியிடம் பணம் பெறுதல் கடுங்குற்றம். 30,000 டாலர் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடந்தருகிறது.

வைத்தியமும் உறைவிடமும்

தொழிலாளி வந்து சேர்ந்த இரண்டு வாரத்திற்குள் அவருக்கு மருத்துவப் பரிசோதனை செய்விக்க வேண்டும், செலவு முதலாளியுடையது. பின்னர் நோயுற்றால் ஆகும் வைத்தியச் செலவும் அவரையே சாரும். மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்காக ஆண்டுக்கு 60,000 டாலருக்குக் குறையாத இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்பது 2023 ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதி. அதற்கு முன் இது 15,000 டாலராகவே இருந்தது. வேலையில் நேரும் விபத்துக்கு நஷ்டஈடு வழங்கும் இன்சூரன்ஸ் வேறு. உடலுழைப்புத் தொழிலாளி எவராயினும், சம்பளம் எவ்வளவாயினும், அதையும் முதலாளி எடுத்தாக வேண்டும்.

தகுந்த உறைவிடம் அளிப்பதும் முதலாளியின் பொறுப்பே. 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று, நெருக்கடியான தொழிலாளர் விடுதிகளில் வேகமாகப் பரவியதை நம்மவர் குடும்பங்கள் மறந்திரா. விடுதிகளுக்கென 2015 இல் பிறந்த சட்டம் முதலில் ஆயிரமும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட பெரு விடுதிகளுக்கே பொருந்திற்று. 2023 ஏப்ரல் முதல் ஏழு படுக்கை கொண்ட சிறு விடுதிக்கும் அது விரிவாக்கப்பட்டது. உணவுச் செலவு மட்டும் முதலாளியின் கடமையில் சேராது. ஆதலால் சம்பளத்தைக் கணக்கிடும்போது சாப்பாட்டுச் செலவைக் கழித்துப் பார்த்தல் விவேகம்.

சம்பளம்

சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் சம்பளம் தர வேண்டும். மிகை நேர வேலைக்குரிய தொகையைப் பதினான்கு நாட்களுக்குள் தர வேண்டும். வாரத்திற்கு 44 மணிக்கு மேற்பட்ட வேலை மிகை நேரமாகும். அதற்கு மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு தரப்படும். சம்பளத்தையும் பிடித்தத்தையும் இனவாரியாகக் காட்டும் சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. விடுதிகளில் தங்கும் தொழிலாளர்க்கு 2020 ஜூலை முதல் சம்பளம் வங்கிக் கணக்கின் வழியாகவே செல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. வெற்றுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு குறைத்துக் கொடுக்கும் வழக்கத்தை ஒழிக்க இவ்விரண்டும் பெரிதும் துணை செய்வன. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளலாகாது.

வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் பயணக் கட்டணம் முதலாளியைச் சாரும். செல்லும் கட்டணம் யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டறிதல் வேண்டும்.

நாம் கொடுக்க வேண்டியவை

எல்லாச் செலவும் முதலாளியுடையதே என்று நினைப்பதும் பிழை. கட்டடத் துறைக்குச் செல்வோர், சிங்கப்பூர் ஆணையம் ஏற்ற திறன் தேர்வில் தேறியிருத்தல் வேண்டும். அப்பயிற்சிக்கும் தேர்வுக்குமான செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பெரும்பாலும் அது குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. பயிற்சி நிலையத்திலேயே நேரில் கட்டணம் கேட்டு, ரசீது பெற்றுச் செலுத்தினால், இடைத்தரகர் அதன்மேல் ஏற்றி வைக்கும் தொகை மிச்சமாகும்.

ஏஜெண்டின் கூலிக்கு இரு நாடுகளிலும் வரம்புண்டு. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்ஸி, ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேல் தொழிலாளியிடம் பெறலாகாது. நம் நாட்டில், 1983 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவுச் சான்று பெற்றவரே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். அவர் பெறத்தக்க சேவைக் கட்டணம் ரூ. 30,000-மும், அதன்மேல் விதிக்கப்படும் வரியுமே. இதற்கு ரசீது தர அவர் கடமைப்பட்டவர். ரசீது தர மறுப்பவர் பதிவு பெற்றவராயிரார், அல்லது வரம்பை மீறுபவராயிருப்பார். பதிவு பெற்றோர் பட்டியலை மத்திய அரசின் இமைக்ரேட் இணையத்தளத்தில் காணலாம்.

ஒப்புதல் கடிதமே ஆதாரம்

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் அமைச்சு, "ஐ.பி.ஏ." என வழங்கும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தை அளிக்கிறது. தொழிலாளி ஊரைவிட்டுப் புறப்படுமுன் முதலாளி அதை அவருக்கு அனுப்பியாக வேண்டும். தொழிலாளியின் தாய்மொழியிலும் அதன் படி உண்டு. முதலாளியின் பெயர், தொழில், அடிப்படைச் சம்பளம், படிகள், மாதப் பிடித்தம் ஆகியவை அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அதில் கண்ட அடிப்படைச் சம்பளத்தைத் தொழிலாளி எழுத்து மூலம் இசைந்து, அமைச்சுக்கும் தெரிவிக்கப்பட்டாலன்றிக் குறைக்க முடியாது. ஏஜெண்டு வாயால் சொன்ன சம்பளம் வேறு, கடிதத்தில் உள்ள சம்பளம் வேறு என்றால், பின்னால் வழக்காடும்போது நிற்பது கடிதமே. ஆகையால் இக்கடிதத்தைப் பிரதி எடுத்து ஒன்றைத் தொழிலாளியும், ஒன்றை வீட்டாரும் வைத்திருப்பது நன்று.

சம்பள பாக்கி நேர்ந்தால், வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டபின் ஆறு மாதத்திற்குள்ளும் முறையிட வேண்டும். காலம் கடந்தால் உரிமை போய்விடும். இதற்கென 2017 முதல் சமரச அமைப்பும் தீர்ப்பாயமும் அங்கே இயங்குகின்றன. தொழிலாளர்க்கு வழிகாட்டும் நிலையம் ஒன்றும் 2009 முதல் உண்டு.

கடன் வாயைக் கட்டும்

இத்தனை விதிகள் இருந்தும் ஏமாற்றம் ஏன் நேர்கிறது? அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டுண்டது. அவர் அதனை ரத்து செய்தால் தொழிலாளி ஊர் திரும்ப நேரிடும். கடனின்றிச் சென்றவர் அதற்கு அஞ்சார், துணிந்து முறையிடுவார். மனைவியின் தாலிக்கொடியையும் தாயின் வளையலையும் அடகு வைத்துச் சென்றவரோ, தவணை தவறிவிடுமே என்ற அச்சத்தால், குறைத்துக் கொடுத்த சம்பளத்தையும் வாய் திறவாது வாங்கிக்கொள்கிறார். கடன் பெரிதாகுந்தோறும் சட்டம் தரும் பாதுகாப்பு சிறிதாகிறது. ஆதலின், கொடுக்க வேண்டாத பணத்தைக் கொடாதிருத்தல் சிக்கனம் மட்டுமன்று. உரிமையைக் காத்துக்கொள்ளும் வழியும் அதுவே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

அங்கத்தினர் தம் நகையின் மேல் எதற்குக் கடன் பெறுவது என்பதில் சங்கம் தலையிடலாகாது. ஆயினும், சிங்கப்பூர்ப் பயணத்திற்கென்று ஒருவர் வரும்போது, சங்கச் செயலாளர் மூன்று காகிதங்களைப் பற்றி அன்போடு விசாரிக்கலாம். ஏஜெண்டின் பதிவுச் சான்று, அமைச்சின் ஒப்புதல் கடிதம், இனவாரியான செலவுப் பட்டியல் ஆகியன அவை. பட்டியலில் பாண்டு, லெவி, மருத்துவ இன்சூரன்ஸ் என்ற பெயர்கள் இருப்பின், அவை முதலாளியுடையவை என்று எடுத்துரைக்கலாம். ஒப்புதல் கடிதம் வராத நிலையில் முழுத் தொகையையும் ஒரே தடவையில் எடுக்க வேண்டாமென்று யோசனை கூறலாம். பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கு வேலை பார்த்துத் திரும்பிய அங்கத்தினர் ஒருவரைப் பேசச் செய்தால் இன்னும் பயன் மிகும்.

வட்டிக்கடைக்காரனிடமிருந்து உழவரையும் நெசவாளரையும் மீட்பதற்காகவே நம் சங்கங்கள் தோன்றின. சங்கத்தில் குறைந்த வட்டிக்குப் பெற்ற பணம் இடைத்தரகன் கைக்குப் போய்ச் சேருமானால் அந்நோக்கம் பாதியிலேயே நின்றுவிடும். நகையைப் பெட்டகத்தில் வைக்குமுன் கால்மணி நேரம் காகிதத்தைப் படித்துப் பார்க்கும் வழக்கத்தை ஒவ்வொரு சங்கமும் மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.