கட்டியை அடக்கும் நொதி, நரம்பையும் தடுக்கும்

நம் செல்களில் 'பிடென்' என்றொரு நொதி இருக்கிறது. 1997-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதன் மரபணுவைக் கண்டறிந்தன. இருப்பது பத்தாவது குரோமோசோமில். செல்லை 'வளர், பெருகு' என்று தூண்டும் ஒரு கொழுப்பு மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடுவதுதான் இதன் வேலை. அதோடு அந்தத் தூண்டல் அடங்கிவிடும். நொதி பழுதானால் வளர்ச்சிக்குக் கடிவாளம் இல்லை. கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப் புற்றுக்கட்டிகள் பலவற்றில் இந்த மரபணு சிதைந்தோ தொலைந்தோ போயிருக்கிறது.

அப்படியானால் நல்ல நொதிதானே? காயம்பட்ட நரம்பு விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. வளர்ந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் அறுபட்ட நரம்பிழை மறுபடி வளர்வது மிக அரிது. காரணங்கள் பல; பிடென் அவற்றில் ஒன்று. 2008-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிகாங் ஹீயின் குழு, சுண்டெலிகளின் விழித்திரை நரம்புச் செல்களில் இந்த மரபணுவை நீக்கிவிட்டு, பார்வை நரம்பை நசுக்கிப் பார்த்தது. வழக்கத்தைவிட அதிகமான செல்கள் பிழைத்தன. அவற்றில் ஒரு பகுதி, காயத்தைத் தாண்டி இழைகளை நீட்டின! 2010-இல் சுண்டெலிகளின் தண்டுவடத்திலும் இழைகள் இப்படி வளர்ந்தன.

மனிதருக்குச் சிகிச்சையாக்குவதில்தான் சங்கடம். பிடென்னை நிரந்தரமாக நீக்கினால் புற்றுநோய்க்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். பிறவியிலேயே இந்த மரபணுவில் கோளாறு உள்ள பலருக்குத் தலை பெரிதாக இருக்கிறது. சிலருக்கு ஆட்டிசமும் உண்டு. எனவே காயம்பட்ட நரம்பில் மட்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு, இதை அடக்கிவைக்க வழி தேடுகிறார்கள்.