கண்ணில் சுண்ணாம்பு, காதில் சீழ்: வீட்டில் செய்ய வேண்டியது

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும். இந்த இரு மாவட்டங்களிலும் கண்ணுக்கு வரும் கேடுகளில் பல, பிழைப்போடு ஒட்டியே வருகின்றன. கதிர் ஒடிக்கும்போது சோளத் தோகை கண்ணில் கீறும். பருத்தி மார் பிடுங்கும்போது குச்சி குத்தும். கலவை போடும்போது சிமென்ட் தெறிக்கும். மருத்துவர் கைக்கு வருவதற்கு முன்னும், வார்டை விட்டு வீட்டுக்குப் போன பின்னும் என்ன நடக்கிறது என்பதே பல நேரம் பார்வை தப்புமா என்பதைத் தீர்மானிக்கிறது.

சுண்ணாம்பும் சிமென்ட்டும் காரத்தன்மை உள்ளவை. அமிலத்தைவிடக் காரம் கண்ணின் ஆழத்துக்கு வேகமாக இறங்கும். அதனால் முதல் வேலை வண்டி தேடுவதல்ல, தண்ணீர் தேடுவது. குழாயோ, குடமோ, குடிதண்ணீர் பாட்டிலோ, கிடைத்த நல்ல தண்ணீரை இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் விடாமல் ஊற்ற வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. பிறகே மருத்துவமனை. அங்கே செவிலியர் மறுபடியும் கழுவுவார். மேல் இமையைப் புரட்டி ஒளிந்திருக்கும் துணுக்குகளை எடுப்பார்கள். இமைக்கடியில் ஒரு துணுக்கு தங்கினாலும் அது அரித்துக்கொண்டே இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலமும் இதே வகைதான். குழந்தை அதை அழுத்தி விளையாடும்போது வெடித்து நேராகக் கண்ணில் அடிக்கும். அதைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

தோகை கீறிய கண் வேறு கதை. முதல் நாள் உறுத்தலும் நீர்வடிதலும் மட்டும்தான். பலர் தாய்ப்பால் பீச்சுகிறார்கள், பச்சிலைச் சாறு பிழிகிறார்கள், தூசி எடுப்பவரிடம் போகிறார்கள். பயிரோடு வந்த பூஞ்சை அந்தக் கீறலில் இறங்கியிருந்தால், சில நாளில் கருவிழியில் வெள்ளையாகப் புண் தெரியும். ஆறினாலும் தழும்பு நிற்கும். ஊரில் 'பூ விழுந்துவிட்டது' என்பது இதைத்தான். நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2001இல் அதன் முடிவு வெளியானது. கீறல் பட்டவர்களுக்கு அவர்கள் ஆன்டிபயாடிக் களிம்பு இட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஆகவே கீறல் பட்ட அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். மருந்துக்கடையில் 'சிவப்பு மாறச் சொட்டு' கேட்டு வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், பூஞ்சை வளரும்.

பூஞ்சைப் புண்ணுக்குப் பெரும்பாலும் தரப்படுவது நேட்டாமைசின். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உட்பட சில இடங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோலைவிட இதுவே நன்றாக வேலை செய்தது. ஆனால் தொடக்கத்தில் மணிக்கு ஒரு முறை விட வேண்டும், வாரக்கணக்கில் தொடர வேண்டும். இங்கேதான் வீட்டார் செவிலியராக வேண்டியிருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நேட்டாமைசின் அடியில் படியும் மருந்து, அதனால் பாட்டிலைக் குலுக்குங்கள். கீழ் இமையை இழுத்து அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையில் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி, களிம்பு கடைசியில். திறந்து ஒரு மாதமான பாட்டிலைத் தூக்கி எறியுங்கள்.

கண்புரை அறுவை முடிந்து வந்தவருக்கும் இதே முறைதான். கூடவே, மருத்துவர் சொல்லும்வரை தலைக்கு ஊற்றக் கூடாது, இரவில் கண்ணுக்கு மூடி போட வேண்டும். வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது; அன்றே திரும்பிப் போக வேண்டும். கண்ணில் கட்டோடு படுத்திருப்பவரைத் தொடுவதற்கு முன் யார் என்று பேரைச் சொல்லுங்கள். சொம்பையும் செருப்பையும் இடம் மாற்றாதீர்கள். நடத்திக் கூட்டிப்போகும்போது அவர் உங்கள் முழங்கையைப் பிடிக்கட்டும், நீங்கள் அவரை இழுக்க வேண்டாம்.

காதில் நம் ஊர் செய்யும் பெரிய தவறு எண்ணெய். சீழ் வடிகிறது என்றால் பெரும்பாலும் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் அந்த ஓட்டை வழியே நடுக்காதுக்குப் போகும். சீழ் வடியும் காதைக் காயவைப்பதே முதல் வைத்தியம். சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காது வாயில் வைத்து, ஊறியதும் மாற்றி, உலரும்வரை செய்யுங்கள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு வையுங்கள். சீழ் நாறினால், காதுக்குப் பின்னால் வீங்கினால், தலை சுற்றினால், வாய் கோணினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இவை எலும்பை அரிக்கும் காது நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்; அது மூளைவரை போகக்கூடும். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குழந்தை மக்காச்சோள மணியைக் காதில் போட்டுக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மணி ஊறிப் பருத்து இறுகிவிடும். பட்டன் பேட்டரி என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

ஆலையிலும் கல் உடைக்கும் இடத்திலும் வேலை செய்பவர்களுக்கு இரைச்சல்தான் எதிரி. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலைத் தாண்டினாலே காது மெல்லக் கெடும். அப்படிப் போன கேட்கும் திறன் மருந்தால் திரும்புவதில்லை. காதடைப்பான் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

பிறந்த குழந்தை கதவு அடிக்கும் சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை என்றால், 'போகப் போகப் பேசும்' என்று காத்திருக்க வேண்டாம். ஆறு வயதுக்குள் இருக்கும் தகுதியுள்ள குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். வயது ஏற ஏறப் பேச்சுப் பழகுவது கடினமாகும். சந்தேகம் வந்த வாரமே குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.