எழுந்து உண்டு நடந்தவர்



திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும்போது நம்மில் பலர் மனத்துக்குள் ஒரு நேர்ச்சையையும் செய்துகொள்கிறோம். நாற்பது நாளும் இறைச்சி தொடுவதில்லை, சீனி தொடுவதில்லை, ஒருவேளை உணவை விட்டுவிடுவது என்று உறுதி கொள்கிறோம். நல்ல நோக்கமே. ஆயினும் அதன் முடிவு எப்போதும் நல்லதாக அமைவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற தாயார் ஒருவர் இருந்தார். நீரிழிவு நோயாளி. தவக்காலம் முழுவதும் சீனியையும் ரொட்டியையும் பகலுணவையும் அறவே விடுவதாக நேர்ந்துகொண்டார். அதை என்னிடம் சொன்னபோது அவருடைய பக்தியை மெச்சியவன் நான். மருந்து உட்கொள்பவர் பட்டினி கிடக்கலாமா என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் வாரத்தில் அடுத்த லயத்தில் ஒரு சாவு. அங்கே கொடுத்த தேத்தண்ணியை மறுக்க இயலாமல் குடித்துவிட்டார். “நேர்ச்ச முறிஞ்சிருச்சு சாமி, இனி என்ன இருக்கு” என்று கூறியவர், நேர்ச்சையோடு மாத்திரையையும் கிளினிக்கையும் கைவிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் காற்புண் முற்றி, ஒரு விரலை அகற்ற நேர்ந்தது. அவரைப் பார்க்கச் சென்ற அன்று, தவறு அவருடையது மட்டுமன்று என்பதை உணர்ந்தேன்.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். அரசர்கள் முதல் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் அவர் மனமுடைந்து, சாவை வேண்டியவராய்ச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்திருக்கிறார். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை, சட்டம் எதையும் விதிக்கவுமில்லை. தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறார். எலியா உண்டு மீண்டும் படுத்துக்கொள்கிறார். தூதர் சலிக்காமல் இரண்டாம் முறையும் வந்து எழுப்புகிறார். அந்த உணவின் வலிமையால் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைகிறார். உணவு, உறக்கம், நடை ஆகிய மூன்றையும் கொண்டே இறைவன் அவரைத் தேற்றினார்.

புனித இஞ்ஞாசியார் இதைத் துன்பப்பட்டுக் கற்றார். 1522ஆம் ஆண்டு மன்ரேசாவில் அவர் மேற்கொண்ட கடும் நோன்பு அவருடைய உடல்நலத்தைக் கெடுத்தது. வயிற்றுநோவு பின்னர் வாழ்நாளெல்லாம் தொடர்ந்தது. எனவேதான் 1548இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய மடலில், நோன்பைக் குறைத்து உடலைப் பலப்படுத்துமாறு அறிவுறுத்தினார். ஆன்மாவைப் போலவே உடலும் இறைவன் தந்தது, இரண்டுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். திருச்சபையும் நோன்புக் கடமையைப் பதினெட்டு வயது நிறைந்தது முதல் ஐம்பத்தொன்பது வயது நிறையும் வரைக்கே விதிக்கிறது. நோயுற்றோரை அதனால் கட்டுப்படுத்துவதில்லை.

நம் உணவுப் பழக்கம் பேராசையால் வந்ததன்று. தோட்டம் கொடுத்த அரிசியையும் மாவையும் நம்பி வாழ்ந்த தலைமுறைகளின் பிள்ளைகள் நாம். விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடும் தாய்க்கு விரைவாகச் சுடக்கூடியது கோதுமை மா ரொட்டி. குளிரில் உடலைச் சூடாக்குவது சீனி போட்ட சாயத்தண்ணி. நம்மைச் சுற்றியுள்ள நிலத்தில் விளையும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. முன்பு மலையேறி இறங்கிய உழைப்பு அந்த உணவைச் செரித்தது. இன்று ஓய்வுபெற்றோரும், கடையிலும் முச்சக்கர வண்டியிலும் அமர்ந்து பிழைக்கும் இளைஞரும் அதே உணவைத்தான் உண்கிறார்கள்.

ஆகவே பெரிய சபதம் வேண்டாம். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஏறத்தாழ 40 கிராம் சீனியாகும். 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் விட முயலாமல், கோப்பைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்குப் பழகியபின் இன்னும் அரை. ரொட்டிக்குச் சம்பலோடு ஒரு பிடி வல்லாரையோ பொன்னாங்காணியோ சேரட்டும். மாவில் கொஞ்சம் குரக்கன் கலக்கலாம். நாள் முழுதும் மலையில் நிற்கும் சகோதரிகளுக்குத் தேவை ஓய்வு. அமர்ந்து வேலை செய்வோருக்கோ மாலைச் செபமாலையை நடந்துகொண்டே சொல்வது போதுமான தொடக்கம். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், அரச மருத்துவமனைகளின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் தவறினால்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பழக்கமொன்று இயல்பாகிவிடச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. இடையே ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. தவக்காலம் நாற்பது நாள், பாஸ்காக் காலம் ஐம்பது நாள். சாம்பலில் தொடங்கியதை உயிர்ப்பு விழாவோடு முடித்துவிடாமல் பெந்தெகோஸ்து வரை கொண்டு சென்றால் அது நம்மோடு நிலைத்துவிடும்.

அந்தத் தாயார் இப்போது சாவீட்டிலும் தேத்தண்ணி குடிக்கிறார், அரைக் கரண்டிச் சீனியோடு. மாதம் தவறாமல் கிளினிக்குக்கும் போகிறார். “இப்ப நேர்ச்ச ஒண்ணும் இல்ல சாமி, பழகிப்போச்சு” என்கிறார்.

செபம்: எலியாவை இருமுறை எழுப்பிய இறைவா, நாங்கள் தவறிப் படுத்துவிடும்போதெல்லாம் எங்களையும் தட்டியெழுப்பும். எம் உடலை உமது ஆலயமாக மதித்துப் பேணவும், நீர் காட்டும் மலை வரை நடக்கவும் வலிமை தாரும். ஆமென்.