உளூ செய்த கைக்கும் சோப்பு வேண்டும்: பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டுவோம்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கம் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று குடும்பம் குடும்பமாகக் குளித்துவிட்டு, நல்ல பசியோடு வந்து ஈரக் கையாலேயே பரோட்டாவைப் பிய்த்து வாயில் வைக்கிறோம். "கையைக் கழுவிட்டு உட்காரு" என்று பிள்ளையிடம் சொன்னால், "இப்பத்தானே அருவியில குளிச்சேன்" என்று பதில் வருகிறது. மக்தபுக்கு வரும் பிள்ளையிடம் சொன்னால், "இப்பத்தானே உளூ செஞ்சேன்" என்கிறான்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரியவர்களாகிய நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். மூலிகைக் காட்டின் வழியாக இறங்கி வரும் தண்ணீர்; ஒரு நாளைக்கு ஐந்து முறை கழுவப்படும் கை. இதற்கு மேல் என்ன சுத்தம் வேண்டும் என்று கேட்கிறோம்.

ஆனால் தண்ணீர் பட்ட கை வேறு, கிருமி நீங்கிய கை வேறு. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, குடற்புழு ஆகியவை பெரும்பாலும் மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் வருகின்றன. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு அதட்டிப் புரிய வைக்க முடியாது. கண்ணால் காட்டினால் அவர்களே புரிந்துகொள்வார்கள். அதற்கு ஆய்வகம் எதுவும் வேண்டாம். நம் வீட்டுச் சமையலறையும் மதரஸாவின் சாக்பீஸும் போதும்.

படித்தவர்களே நம்பாத காலம்

கண்ணுக்குத் தெரியாததை நம்புவது எளிதல்ல. 1847-ல் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பணியாற்றினார். அங்கே இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பணியாற்றிய வார்டில், தாதிகள் பணியாற்றிய வார்டைவிட அதிகமான தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். மாணவர்கள் பிணங்களை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். குளோரின் கரைசலில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, சில மாதங்களிலேயே 2 சதவீத அளவுக்கு இறங்கியது.

அப்படியும் பெரிய மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. கையில் இருப்பது என்ன என்று அவரால் கண்ணால் காட்ட முடியவில்லை. பிறகு லூயி பாஸ்டர், ராபர்ட் கோக் போன்றோரின் ஆய்வுகள் வந்தன. கோக் நம் நாட்டுக்கே வந்து, 1884-ல் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். மக்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரிலும் அதைக் கண்டார். அதன் பிறகுதான் உலகம் மெல்ல மெல்ல நம்பியது.

பேராசிரியர்களுக்கே கண்ணால் காட்ட வேண்டியிருந்தது என்றால், ஏழு வயதுப் பிள்ளைக்கு வெறும் சொல் போதுமா?

முதல் சோதனை: ஒரு ஸலாம் எத்தனை பேருக்குப் போகிறது?

கலர் சாக்பீஸ் ஒன்றை நன்றாகப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் வலது கையில் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவி, அந்தப் பொடியைத் தூவித் தேய்த்துவிடுங்கள். இப்போது அவன் இன்னொரு பிள்ளைக்கு ஸலாம் சொல்லி முஸாஃபஹா செய்யட்டும். அந்தப் பிள்ளை அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று வரிசையாகக் கை கொடுக்கட்டும். கண்ணையும் வாயையும் தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் கையை விரித்துக் காட்டும்போது, நிறம் எத்தனையாவது கை வரை போயிருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குவளை, குழாய்த் திருகு என்று அவர்கள் தொட்ட இடங்களைத் தேடச் சொல்லுங்கள். "கிருமி பரவுகிறது" என்று நாம் நூறு முறை சொல்வதை இந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும்.

முஸாஃபஹா செய்வது கெட்டது என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. அது அன்பின் அடையாளம், நபி வழி. அன்போடு கொடுக்கும் கை சுத்தமான கையாகவும் இருக்கட்டும் என்பதுதான் பாடம்.

இரண்டாம் சோதனை: தண்ணீர் மட்டும் போதுமா?

எண்ணெயும் சாக்பீஸ் பொடியும் ஒட்டிய அதே கைகளோடு பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி வெறும் தண்ணீரில் 20 வினாடி கழுவட்டும். இன்னோர் அணி சோப்புப் போட்டு அதே 20 வினாடி தேய்த்துக் கழுவட்டும். இரு அணியினரும் கைகளை அருகருகே வைத்துப் பார்க்கட்டும். தண்ணீர் மட்டும் பட்ட கையில் நிறம் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏன் என்று பிள்ளை கேட்பான். நம் கையில் எப்போதும் ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. கிருமிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் தண்ணீரும் சேராது. சோப்பின் நுண்துகளில் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். நாம் தேய்க்கத் தேய்க்க அது அழுக்கையும் கிருமியையும் தோலிலிருந்து பெயர்த்து எடுக்கிறது. பிறகு ஊற்றும் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது. கொரோனா போன்ற சில வைரஸ்களுக்கு வெளியே கொழுப்பு உறை இருக்கும். அந்த உறையையே சோப்பு உடைத்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தட்டில் தண்ணீர் ஊற்றி, மிளகுத்தூள் தூவி, சோப்பு தடவிய விரலை வைத்தால் தூள் விலகி ஓடும். "கிருமிகள் இப்படித்தான் பயந்து ஓடும்" என்று சொல்லிக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். அங்கே நடப்பது வேறு. சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, அதனால் தூள் ஓரத்துக்குப் போகிறது. கிருமி அப்படி ஓடாது. அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வேடிக்கைக்காகக்கூடப் பிள்ளைகளுக்குத் தவறானதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் சோதனை: எங்கே விட்டுவிட்டோம்?

இப்போது எல்லாக் கைகளிலும் மறுபடி நிறம் பூசுங்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகக் கழுவுவதுபோல் சோப்புப் போட்டுக் கழுவட்டும். கண்ணைத் திறந்ததும் எங்கெல்லாம் நிறம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கட்டும். பெருவிரல், நக இடுக்கு, விரல்களுக்கு இடைவெளி, புறங்கை ஆகியவைதான் அதிகம் விடுபடும் இடங்கள்.

உளூவில் விரல்களைக் கோத்துத் தேய்ப்பதை நாம் பிள்ளைகளுக்கு முன்பே கற்றுக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு பெருவிரலைச் சுற்றித் தேய்ப்பதையும், நகங்களை உள்ளங்கையில் உரசுவதையும் சேர்த்துவிட்டால் போதும். நேரத்தைக் கணக்கிட இரண்டாம் வாய்ப்பாட்டை ஒருமுறை நிதானமாகச் சொல்லட்டும். சிலர் சூரா ஓதச் சொல்கிறார்கள். கழிவறையோடு சேர்ந்த இடத்தில் ஓதுவது முறையல்ல என்பதால் வாய்ப்பாடே நல்லது.

நான்காம் சோதனை: ஒரு வாரம் காத்திருப்போம்

ஒரே பாக்கெட்டிலிருந்து நான்கு ரொட்டித் துண்டுகளை எடுங்கள். முதல் துண்டைக் கை படாமல் ஜிப் கவருக்குள் போடுங்கள். இரண்டாவதை விளையாடிவிட்டு வந்த கையால் நன்றாகத் தொடச் சொல்லுங்கள். மூன்றாவதைத் தண்ணீரில் மட்டும் கழுவிய கையாலும், நான்காவதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கையாலும் தொடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் சில துளி தண்ணீர் தெளித்து, கவரை மூடி, பெயரும் தேதியும் எழுதி, வெயில் படாத ஒரே இடத்தில் வையுங்கள். எதில் முதலில் பூஞ்சை வரும் என்று பிள்ளைகள் முன்பே யூகித்து நோட்டில் எழுதட்டும். தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறிக்கட்டும். கவரை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. முடிந்ததும் அப்படியே குப்பையில் போட்டுவிட்டுச் சோப்பால் கை கழுவ வேண்டும்.

பெரும்பாலும் அழுக்குக் கை பட்ட துண்டு முந்திக்கொள்ளும். ஆனால் பூஞ்சையின் வித்துகள் காற்றிலும் இருப்பதால் சில நேரம் முடிவு மாறியும் வரலாம். அப்போது துண்டுகளை மாற்றி வைத்து "சரியான" முடிவைக் காட்டிவிடாதீர்கள். கண்டதைக் கண்டபடி எழுதச் சொல்லுங்கள், மறுபடி செய்து பாருங்கள். கண்டதை மறைக்காமல் சொல்வதும் அமானிதம்தான். ரொட்டியில் தெரிவது பூஞ்சை மட்டுமே. வயிற்றுப்போக்குக் கிருமி கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த முறை புதிதல்ல. செய்து பார்த்துக் கற்பதற்காகவே 2022 நவம்பர் 28-ல் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளையே தம்பி தங்கைகளுக்கு ஆசிரியராக்கலாம்.

உளூ இருக்கும்போது சோப்பு எதற்கு?

இதற்கு கராச்சி நகரில் பதில் கிடைத்தது. அங்குள்ள ஏழைக் குடியிருப்புகளில் சில குடும்பங்களுக்குச் சோப்பு கொடுத்து, கை கழுவும் முறையையும் சொல்லிக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். முடிவு 2005-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. மற்ற குடும்பங்களோடு ஒப்பிடும்போது, இந்தக் குடும்பங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைவாக இருந்தது. 5 வயதுக்கு உட்பட்டோருக்கு நிமோனியா 50 சதவீதம் குறைவாக இருந்தது. கராச்சி முஸ்லிம்கள் நிறைந்த நகரம், உளூ அங்கேயும் இருக்கிறது. அப்படியிருந்தும் சோப்பு சேர்ந்தபோதுதான் இந்த மாற்றம் வந்தது. கிருமிநாசினி சோப்பும் சாதாரண சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன. எனவே விலை உயர்ந்த சோப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை.

உளூ என்பது இபாதத். அதன் நோக்கம் தொழுகைக்கான தூய்மை. அது நோய்த் தடுப்புக்கான மருத்துவ முறையாக நமக்குச் சொல்லப்படவில்லை. அதே சமயம், தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துக்குள் விட வேண்டாம், அந்தக் கை இரவில் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. தெரியாத அழுக்குக்கும் எச்சரிக்கை வேண்டும் என்ற பண்பு அதில் இருக்கிறது. மர்மஸ்தானத்தைக் கழுவிய பின் நபியவர்கள் கையை மண்ணில் தேய்த்துக் கழுவினார்கள் என்று அன்னை மைமூனா (ரலி) அறிவிக்கிறார்கள். தண்ணீர் ஊற்றியதோடு நிறுத்தாமல் தேய்த்து நீக்கும் ஒரு பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் சாம்பலால் தேய்த்ததும் இதற்காகத்தான். இன்று மண்ணில் புழு முட்டைகள் இருக்கக்கூடும், கையில் சோப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோம்.

தண்ணீர் வீணாகுமே என்று கவலைப்படுவதும் சரியே. நபியவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூ செய்தவர்கள். கையை நனைத்ததும் குழாயை மூடிவிட்டுத் தேய்த்து, பிறகு திறந்து அலசப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

அருவியில் அல்ல, அருவிக்குப் பிறகு

குற்றாலத்துக்கு வருவோம். அருவி நீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் குளிக்கும் இடம் அது. ஈரக் கம்பியைப் பிடித்து, உடை மாற்றி, பணம் எண்ணி, செருப்பு மாட்டிய பிறகுதான் சாப்பிட உட்காருகிறோம். அதற்காக அருவியில் நின்று சோப்புப் போட வேண்டாம். அங்கே சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை இருக்கிறது, அது நியாயமானது. அதே தண்ணீர்தான் சிற்றாறாக ஓடி வழியிலுள்ள ஊர்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. பையில் ஒரு சிறு சோப்பை வைத்துக்கொண்டு, சாப்பிடும் இடத்துக் குழாயில் கழுவுவதே சரி.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குத் தெளிவாக்குங்கள். கை கழுவினால் எல்லா நோயும் ஓடிவிடாது. 2012-ல் கடையநல்லூரை உலுக்கிய டெங்கு கொசுவால் வந்தது. அதற்குத் தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும், தொட்டியை மூட வேண்டும். நோய் வரும் வழி எதுவோ அதைத்தான் அடைக்க வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல், மதரஸாக் கழிவறைகளுக்கு வெளியே சோப்பு இருக்கிறதா என்று இந்த ஜும்ஆவில் ஒருமுறை பாருங்கள். கட்டிச் சோப்பு காணாமல் போகிறது என்றால், அதைத் துருவித் தண்ணீரில் கரைத்து, மூடியில் துளையிட்ட பாட்டிலில் ஊற்றிக் கட்டித் தொங்கவிடுங்கள். கந்தூரி, வலீமா விருந்துகளில் ஒரே ஸஹனில் பலர் கை வைக்கிறோம். பரிமாறத் தொடங்கும் முன் சோப்பும் தண்ணீரும் அருகில் இருக்கட்டும். மாத்திரை கொடுத்து ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்கும் பிள்ளைகளுக்கு, புழு மறுபடி வராமல் காக்கும் வழி இதுதான்.

பெற்றோர்களே, கழிவறை போய் வந்த பின்னும், சாப்பிடும் முன்னும், சமைக்கும் முன்னும், குழந்தைக்கு ஊட்டும் முன்னும் நாம் சோப்பால் கழுவுவதைப் பிள்ளை பார்க்கட்டும். சோதனை ஒரு நாள் கற்றுக் கொடுக்கும், நம் கை தினமும் கற்றுக் கொடுக்கும். நம் பிள்ளைகளுக்கு நல்ல உடல்நலத்தையும் நல்ல பழக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.