ஏழு பேர், 64 தறிகள்

ஆலையில் உற்பத்தி விழுந்தால் முதல் பழி இயந்திரத்துக்கு. இயந்திரம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் பழி தொழிலாளிக்குப் போகும். அகமதாபாத் காலிகோ ஆலையில் 1953-இல் இந்த இரண்டு பழியும் எடுபடவில்லை. முந்தைய ஆண்டுதான் புதிய தானியங்கித் தறிகள் வந்திருந்தன. எந்த வேலைக்கு எத்தனை ஆள், ஓர் ஆளுக்கு எத்தனை தறி என்றெல்லாம் பொறியாளர்கள் அளந்து வகுத்திருந்தார்கள். தொழிலாளிகளும் தொழில் தெரிந்தவர்களே. இருந்தும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை, துணியில் பழுதும் குறையவில்லை.

ஆலையின் தலைவர் கௌதம் சாராபாய், லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸை அழைத்தார். 1918-இல் காந்தி முன்னின்று நடத்திய அகமதாபாத் ஆலை வேலைநிறுத்தத்தில் முதலாளிகள் பக்கம் நின்ற அம்பாலால் சாராபாயின் மகன் கௌதம். அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்றவர் அம்பாலாலின் அக்கா அனசூயா. தொழிலாளர் குறையைக் காதில் வாங்காமல் ஆலை நடத்த முடியாது என்பதை அந்த வீடு அப்போதே பார்த்துவிட்டது.

ரைஸ் தறிக்கூடத்தில் பார்த்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 224 தறிகள் ஓடின. அவற்றுக்கு ஒரு ஷிப்டில் 29 பேர், அவர்களுக்குள் 12 வகை வேலை. நெசவாளி அறுந்த இழையை முடிந்து தறியை மறுபடி ஓட விடுவார். ஊடு நூல் சுற்றிய தார் தீரத் தீர நிரப்ப ஓர் ஆள். பாவு இழைகள் கொத்தாக அறுந்துபோனால் பிணைக்க ஓர் ஆள். தறியைப் பழுது பார்க்க ஜாபர், அவருக்கு உதவியாள். எண்ணெய் விட ஒருவர், கூட்டிப் பெருக்க ஒருவர், நெய்த துணியைச் சுமந்துபோக ஒருவர். நெசவாளிக்கு ஏறக்குறைய 30 தறிகள். தார் நிரப்புபவருக்கு 50. பாவு பிணைப்பவருக்கு 70.

சிக்கல் இந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தது. ஒரு நெசவாளியின் 30 தறிகளுக்குக் கிடைப்பது தார் நிரப்புபவரில் முக்கால் ஆள்கூட இல்லை, பாவு பிணைப்பவரில் அரை ஆள்கூட இல்லை. மீதி நேரம் அவர்கள் வேறு நெசவாளிகளுக்குச் சொந்தம். கொத்தாக இழை அறுந்து ஒரு தறி நின்றுவிட்டால், பிணைப்பவர் அந்த நேரம் கூடத்தின் மறுகோடியில் இன்னொருவருக்காகக் குனிந்திருப்பார். அவரைத் திட்ட முடியாது, அவர் தன் வேலையைத்தான் செய்கிறார். நூல் ரகம் மாறினால் நிலைமை இன்னும் மோசம். இழை அடிக்கடி அறுந்து நெசவாளிக்கு வேலை ஏறும், மற்றவர்களின் சுமை அதே அளவில் கூடாது. அந்தக் கூடத்தில் தறிக்கு ஒத்தாசை செய்ய எல்லோரும் இருந்தார்கள், இந்தத் தறிகள் எங்கள் பொறுப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதே நோயை டாவிஸ்டாக்கைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏற்கெனவே கண்டிருந்தார். உடன் ஆராய்ந்த கென் பாம்ஃபோர்த் 18 ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்தவர். 1951-இல் வந்த அவர்கள் கட்டுரை, இயந்திரம் வந்தபோது சிறு சிறு குழுக்களாக முழு வேலையையும் செய்துவந்தவர்களை ஷிப்டு வாரியாகத் துண்டுபோட்டதில் என்ன கெட்டது என்று காட்டியது. ஒரு ஷிப்டின் குறை அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது, பழி சொல்வது அன்றாடமாயிற்று. உழைத்த கை எழுத்திலும் இருந்ததால்தான் அந்தக் கட்டுரைக்கு இன்றும் அத்தனை வலு என்று நினைக்கிறேன்.

அகமதாபாத்தில் ரைஸ் முன்வைத்த யோசனை எளிது. தறிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைப்பது. 64 தறிகளுக்கு ஏழு பேர். நெசவும் பராமரிப்பும் அவர்கள் பாடு, தங்களுக்குள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொள்ளலாம். அடுத்து நடந்ததுதான் என்னை மிகவும் ஈர்ப்பது. யோசனை காதில் விழுந்ததும் மேற்பார்வையாளர்களும் தொழிலாளிகளும் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். யார் யாரோடு சேர்வது என்று தொழிலாளிகளே பேசி முடித்துப் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அவர்களிடம் முன்பே இருந்தது, கேட்பார்தான் இல்லை.

புதிய முறை நிலைகொண்டதும் கூடத்தின் உற்பத்தித் திறன் நூற்றுக்கு 80-இலிருந்து 95-க்கு ஏறியது. பழுதான துணி 32-இலிருந்து 20-க்கு இறங்கியது. தறிகள் அதே தறிகள், ஆட்களும் அதே ஆட்கள். ரைஸ் இந்த அனுபவத்தை 1958-இல் நூலாக்கினார். வேலையின் தொழில்நுட்பத்தையும் அதைச் செய்கிற மனிதர்களின் உறவையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும் என்ற சிந்தனைக்கு இந்தத் தறிக்கூடம் முக்கியமான சான்றானது.

இன்றைய அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். ஒரு வாடிக்கையாளரின் புகார் நான்கு பிரிவுகளுக்குப் போய் நான்கிலும் 'முடிந்தது' என்று குறிக்கப்பட்டும் தீராமல் கிடக்கிறதென்றால், அங்கே ஊழியர்களுக்கு ஊக்கப் பயிற்சி நடத்துவது வீண். வேலையை எங்கே வெட்டினோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

குழு அமைத்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்றும் இல்லை. டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் 1970-இல் அதே ஆலைக்குப் போய்ப் பார்த்தார். குழுமுறை கொண்டுவரப்பட்ட இடங்களில் ஒன்றில் மட்டும் அது ஏறக்குறைய தொடங்கியபடியே நீடித்தது. மற்ற இடங்களில் அது தேய்ந்து, ஆளுக்கொரு வேலை என்ற பழைய வழிக்கே திரும்பியிருந்தது. அமைத்த நாளில் குழுவுக்குக் கிடைத்த கவனம் அதற்குப் பிறகும் தேவைப்படுகிறது. துணி ரகம் மாறும்போதும் ஆள் வராதபோதும் வெளியிலிருந்து வரும் நெருக்கடியைத் தடுத்து, குழுவைக் கலைக்காமல் காப்பது மேலாளரின் அன்றாட வேலை.