தாய்க்குத் தாமிரம் குறைந்தால் குட்டி தள்ளாடும்

பிறந்த ஆட்டுக்குட்டி பின்னங்கால் நிலைக்காமல் தள்ளாடுகிறதா? எழுந்து மடி தேட முடியாமல் கிடக்கிறதா? தாய் சினையாக இருந்தபோது என்ன மேய்ந்தது என்பதையும் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறிக் குட்டிகளை வாட்டிய இந்த நோய்க்குத் தாயின் தாமிரச் சத்துக் குறைவே காரணம் என்று பென்னட்ஸ், சாப்மன் இருவரும் 1937-இல் எழுதினார்கள். நரம்பின் மேலுறை கருவிலேயே உருவாகத் தொடங்குகிறது. அதற்குத் தாமிரம் வேண்டும். பிறந்தபின் கொடுத்தால் கெட்ட நரம்பு திரும்பாது. மேய்ச்சலில் மாலிப்டினமும் கந்தகமும் மிகுந்திருந்தால், தின்ற தாமிரமும் உடலில் சேராது.

அதற்காக, மாட்டுக்கான தாது உப்புக் கலவையைச் செம்மறிக்கு அள்ளி வைத்துவிடாதீர்கள். மிகுந்த தாமிரம் ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்து, திடீரென மஞ்சள் காமாலையும் செந்நிறச் சிறுநீருமாக ஆட்டைச் சாய்த்துவிடும். சினை ஆட்டுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள்.